சட்டையைத் தூக்கிப் பார்

என் கண்ணு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு வரி ஓடாது. இங்கேயும் எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது, பழக்கம், ஆனால் இந்தத் தடவை முடியவில்லை. நம் பொத்தானை ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இன்று செவ்வாய். உன் தம்பியின் ஐந்து மாதக் குழந்தை, நான் ஆசையாகப் பொத்தான் என்று கூப்பிடுகிறவள், மூக்கில் குழாயோடு ஆக்ஸிஜனில் படுத்திருக்கிறாள். அவளுக்கு லேசாகச் சளி என்று உன் அம்மா உன்னிடம் போனில் சொன்னது பொய், நாங்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டு சொன்ன பொய். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரத்தில் இருக்கிறவளைப் பயமுறுத்த வேண்டாம் என்பது உன் அம்மாவின் கட்சி. நானும் தலையாட்டினேன். இப்போது அந்தத் தலையாட்டலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நானே பேசிச் சொல்லியிருப்பேன், தொண்டை கட்டி மூன்று நாளாகக் குரலே இல்லை, வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. (உன் அம்மாவுக்கு இது ஒன்றுதான் இந்த வாரத்தில் கிடைத்த நிம்மதி.) நம் தையல் கடையின் அளவுப் புத்தகத்தில் கிழித்த தாளில் எழுதுகிறேன், பின்பக்கத்தில் யாராவது ஒருவரின் இடுப்பளவு இருக்கும், பார்த்துச் சிரிக்காதே, நல்ல மனிதர். எழுதி முடித்ததும் உன் தம்பி இதைப் படமெடுத்து உனக்கு அனுப்பிவிடுவான், தபாலில் போட்டுக் காத்திருக்கிற விஷயம் இல்லை இது.

ஏன் இந்த அவசரம் என்று கேட்பாய். நேற்று நீ பேசியபோது உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ இரண்டு தடவை தும்மினாய். மாப்பிள்ளைக்குத் தொண்டை கரகரப்பு என்றாய். குட்டிக்கும் மூக்கு கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்கும்மா, குளிருக்குத்தான் என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஏனென்றால் போன வாரம் இதே வார்த்தையை இதே சிரிப்போடு நான் சொன்னேன். உன் குட்டிக்குப் பத்து வாரம்தான் ஆகிறது கண்ணு, பொத்தானில் பாதி வயது. அதனால் நான் இங்கே என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன், நீ கோபப்பட்டாலும் சரி, கடைசிவரை படி.

குளிர்காலம் வந்தால் நம் கடை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். கோட்டுக்கு லைனிங் மாற்ற வருகிறவர்கள், போன வருஷம் சரியாக இருந்தது இந்த வருஷம் பூட்டவில்லை, துணி சுருங்கிவிட்டது என்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள், நிற்க இடம் இருக்காது, குளிர் என்று கதவையும் சாத்தி வைத்திருப்போம். முந்தின வாரம் வியாழக்கிழமை ஒரு பஸ் டிரைவர் வந்தார், நல்ல உயரம், கழுத்துப்பட்டி அளவெடுக்க நான் நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தது. டேப்பைச் சுற்றும்போது என் முகத்துக்கு நேராக இருமினார். ஒண்ணுமில்ல மாஸ்டர், சாதா சளிதான் என்றார். நானும் அதனாலென்ன என்றேன். போன வாரம் திங்கட்கிழமை எனக்குத் தொண்டையில் முள் குத்துகிற மாதிரி ஆரம்பித்தது, பிறகு மூக்கு ஒழுகியது, பிறகு இருமல். வருஷா வருஷம் வருகிறதுதானே என்று கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுகிறேனோ இல்லையோ நேரே பொத்தானிடம் போய் அவள் கழுத்து மடிப்பில் மூக்கை வைத்து உறிஞ்சுவேன், அவள் கெக்கெக்கென்று சிரிப்பாள். அந்த வாரமும் அப்படியே செய்தேன், ஒரு நாள்கூட விடவில்லை. வியாழக்கிழமை அவளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை இருமல். பல் வருகிறதோ என்றாள் உன் அம்மா, குளிருக்குத்தான் என்றேன் நான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அறுபது வருஷப் பிள்ளை வளர்த்த அனுபவம், யார் பேச்சை நாங்கள் கேட்கப்போகிறோம்.

அடுத்ததுதான் எனக்கு எழுதவே கூசுகிறது. பொத்தானுக்கு நான் ஒரு கோட்டு தைத்திருந்தேன், உனக்குப் படம்கூட அனுப்பினோமே, பஞ்சு வைத்துத் தைத்த நீலக் கோட்டு, தலைக்குல்லாவோடு, முன்னால் ஆறு பொத்தான். அதற்குள் உன் அம்மா பின்னிய ஸ்வெட்டர். அதற்குள் பனியன் துணியில் ஒன்று, ஃபிளானலில் ஒன்று என்று இரண்டு சட்டை. சளி பிடித்ததும் இதெல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுத் தலையணை மாதிரி வைத்திருந்தோம். முகம் மட்டும் வட்டமாக வெளியே தெரியும், கன்னம் சிவந்திருக்கும், பார்க்கிறவர்களெல்லாம் அழகு அழகு என்றார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை அவள் பால் பாதிதான் குடித்தாள், நாலு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்க விட்டுவிடுவாள். காலையிலேர்ந்து ஒரு நாப்கின்தான் நனைஞ்சிருக்கு அத்தை என்று மருமகள் உன் அம்மாவிடம் வந்து சொன்னாள். குளிருக்கு அப்படித்தான் என்றோம். சாயங்காலம் மருமகள் கோட்டின் முதல் பொத்தானில் கை வைத்தாள், உள்ளே எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத்தான். குளிருது, கழட்டாதே என்றேன். அதட்டித்தான் சொன்னேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஞாயிறு காலையில் இருமல் குறைந்திருந்தது, அழுகையும் இல்லை, அசந்து கிடந்தாள். பாத்தியா, இறங்கிடுச்சு என்று உன் தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன். குழந்தைக்கு இரும வலுவில்லாமல் போய்விட்டது என்பது எனக்குத் தெரியவில்லை கண்ணு, சத்தம் நின்றால் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மருமகள் யாரையும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கத்தில் படுக்கவைத்து ஆறு பொத்தானையும் கழற்றி ஸ்வெட்டரையும் கழற்றி இரண்டு சட்டையையும் ஒரேயடியாகத் தூக்கினாள். நான் வாயைத் திறந்தேன், அதற்குள் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து எழுந்தது. தொண்டைக்குழியும் உள்ளே போய்ப் போய் வந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து மூடின, மூச்சை விடும்போது உம் உம் என்று ஒரு முனகல், அதை நான் காலையில் தூக்கத்தில் முனகுகிறாள் என்று ரசித்திருக்கிறேன். உன் தம்பி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான், நிமிஷத்துக்கு அறுபத்தெட்டு. முப்பத்தெட்டு வருஷமாக ஊரில் உள்ள நெஞ்சையெல்லாம் அளந்து பிழைத்தவன் நான், சட்டைக்கு மேலேயே கண்ணால் பார்த்து அளவு சொல்லுவேன் என்று மார்தட்டுகிறவன், என் வீட்டுப் பிஞ்சு நெஞ்சு இரண்டு நாளாக அப்படிப் போராடியதை என் கையால் பஞ்சு வைத்து மூடி வைத்திருந்தேன். டாக்ஸியில் போகும்போது நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன், திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பின்னால் மருமகள் எண்ணிக்கொண்டே வந்தாள், சத்தமாக, ஒண்ணு ரெண்டு மூணு என்று. எண் நின்றுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிஷத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

இங்கே வந்ததும் ஒரு மூத்த நர்ஸ் குழந்தையை வாங்கினார், விரலில் சிவப்பு விளக்கு எரிகிற ஒன்றை மாட்டினார், ஆக்ஸிஜன் எண்பத்தெட்டு என்று காட்டியது, தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம், அதைப் பார்த்து அவர் நடை மாறியது. ஓடவில்லை, ஆனால் மாறியது. டாக்டர் சின்னப் பெண்தான், உன் வயதிருக்கும். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரல்ல இருக்கற ரொம்பச் சின்னச் சின்னக் குழாய்ங்க வீங்கிச் சளி அடைச்சிருக்கு, பெரியவங்களுக்கு வெறும் சளியா வர்ற அதே கிருமிதான், கைக்குழந்தைக்கு இப்படிப் பண்ணிடும் என்றார். வீட்டுல யாருக்கு முதல்ல சளி வந்துச்சு என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தப்பு செய்தவன் மாதிரி. அவர் என்னைத் திட்டவில்லை, எழுதிக்கொண்டார், திட்டியிருந்தால் தேவலை. மூணாம் நாள்லேர்ந்து அஞ்சாம் நாள் வரைக்கும் ஏறிட்டேதான் போகும், அப்புறம்தான் இறங்கும், இன்னிக்கு நாலாம் நாள் என்றார். நல்ல ஆன்டிபயாட்டிக்காகப் போடுங்கள் என்று நான் இருக்கிற குரலில் மல்லுக்கு நின்றேன். இதுக்கு அது கேக்காது சார், ஆக்ஸிஜன், மூக்கை உறிஞ்சி விடறது, உடம்புக்குத் தண்ணி, அவ்வளவுதான், மீதியை அவ உடம்பே செய்யணும் என்றார். மருந்து இல்லை என்று ஒரு டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். நேற்று முழுக்க ஆக்ஸிஜனைக் கூட்டிக்கொண்டே போனார்கள். குடிக்கத் தெம்பில்லை என்று பாலைக் குழாய் வழியாக விடுகிறார்கள். உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி, அது மருமகள். இருமுகிறவனுக்கு வார்டில் இடமில்லை, அதனால் வராந்தாவில் குழந்தைகளை எடை போடுகிற மிஷினுக்கும் கை கழுவுகிற தொட்டிக்கும் நடுவில் ஒரு நாற்காலியில் முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்துவிடுகிறேன். என்னைக் கூப்பிடத்தான் வருகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் உயிர் போய் வருகிறது.

இப்போது உன்னையும் சேர்த்து ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. போன வாரம் செவ்வாய்க்கிழமை, எனக்குச் சளி பிடித்த மறுநாள், நான் கடையிலிருந்து வந்து பொத்தானைத் தூக்கப் போனேன். மாமா, கையக் கழுவிட்டுத் தூக்குங்க, உங்களுக்கு இருமலா இருக்கு, முகமூடி போட்டுக்கிட்டா நல்லது என்றாள் மருமகள். தன்மையாகத்தான் சொன்னாள். எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிட்டது. என் பேத்தியைத் தொட எனக்குக் கட்டுப்பாடா, இரண்டு பிள்ளைகளை வளர்த்தவனுக்கு நேற்று வந்தவள் பாடம் எடுக்கிறாளா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். உனக்குப் போன் பண்ணி இல்லாததையும் பொல்லாததையும் சேர்த்து, என்னை என் வீட்டிலேயே தீண்டாதவன் மாதிரி நடத்துகிறாள் என்று சொன்னேன். நீ அப்பா பக்கம் பேசுகிற பெண், உடனே அவளைக் கூப்பிட்டு, அப்பா மனசு நோகற மாதிரி எதுவும் சொல்லாதே, எங்களையெல்லாம் தூக்கி வளர்த்த கை அது என்று நாலு வார்த்தை சொன்னாய். அப்போது எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று. அன்றிலிருந்து அவள் என்னிடம் கை கழுவச் சொல்லவில்லை கண்ணு. நான் வந்தால் குழந்தையை எடுத்து நீட்டுவாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை கோட்டில் வைத்த கையை ஏன் எடுத்துக்கொண்டாள் என்று இப்போது புரிகிறது. நீ நல்லது நினைத்துத்தான் சொன்னாய், உன்மேல் குற்றமில்லை, உன் காதில் விஷத்தை ஊற்றியது நான். ஆனாலும் நீ அவளிடம் பேச வேண்டும். நான் பேச வேண்டியதை நான் பேசிக்கொள்வேன், உன் பங்கை நீ பேசு.

உனக்கு வருகிறேன். குட்டியை வெளிச்சமான இடத்தில், அழாத நேரமாகப் பார்த்துப் படுக்கவை. சட்டையைத் தூக்கிப் பார். முகத்தப் பாக்காதீங்க சார், நெஞ்சப் பாருங்க, முகம் ஏமாத்திடும் என்றார் அந்த மூத்த நர்ஸ், நாங்கள் மேலே போர்த்தி எடுத்து வந்த அந்த நீலக் கோட்டை மடித்து என் கையில் கொடுத்துக்கொண்டே. வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணு, அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்காதே, குழந்தைகள் மூச்சு சீராக வராதாம். ஐம்பதைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, முனகினாலோ, பால் வழக்கத்தில் பாதிக்குக் குறைந்தாலோ, அரை நாள் போயும் நாப்கின் நனையாவிட்டாலோ, யோசிக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. உதடு நீலம் பாரித்தால், மூச்சு நடுவில் நின்று நின்று வந்தால், எழுப்பியும் எழாமல் துவண்டால், வண்டிக்குக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் நூறைத் தாண்டினாலே போதுமாம், வேறு எதுவும் இல்லாவிட்டாலும் காட்டிவிட வேண்டுமாம், நீங்களாக எந்த மருந்தும் கொடுக்கக் கூடாதாம். உன் அம்மா தேன் தொட்டு நாக்கில் வைக்கச் சொல்லுவாள், வைக்காதே, ஒரு வயதுவரை தேன் ஆகாது. வெந்நீர் வைத்து ஆவி பிடிக்காதே, வார்டில் ஒரு குழந்தை அதில் காலைச் சுட்டுக்கொண்டு வந்து கிடக்கிறது. இருமல் மருந்து பாட்டில் எதுவும் அவள் பக்கம் போக வேண்டாம். மூக்கு அடைத்திருந்தால் பால் கொடுப்பதற்கு முன்னால் உப்புத்தண்ணீர்ச் சொட்டு விட்டு மெல்ல உறிஞ்சி எடு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடு. துணி நம் உடம்புக்குப் போடுவதைவிட ஒன்று கூட, அவ்வளவுதான், இதைச் சொல்கிறவன் யார் என்று பார்த்துக்கொள்.

எல்லாச் சளியும் ஒன்றில்லை என்பதையும் இங்கே உட்கார்ந்துதான் கற்றேன். எனக்கு மூன்று நாளாக மெதுவாக வந்தது. உன் அம்மாவுக்கு அப்படியில்லை, நேற்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஒரு மணி நேரத்தில் நடுங்கிச் சுருண்டுவிட்டாள், அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி, நூற்றிரண்டு காய்ச்சல், அது ஃப்ளூவாம், வேறு கிருமி, வருஷா வருஷம் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதை நாங்கள் இருவரும் காதில் போட்டுக்கொள்ளாததன் பலன். முதல் ரெண்டு நாளுக்குள்ள வந்தீங்களே, நல்லது என்று மாத்திரை கொடுத்திருக்கிறார், தனி அறையில் படுத்துக்கொண்டு போனிலேயே எல்லோரையும் அதட்டிக்கொண்டிருக்கிறாள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார். நேற்று ஒரு இரண்டு வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள், நாய் குரைக்கிற மாதிரி இருமினான், இவன்தான் மோசம் என்று நினைத்தேன், ஆனால் அவனுக்கு மருந்து கொடுத்துச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சத்தம் போட்டவன் வீட்டுக்குப் போய்விட்டான், சத்தமில்லாமல் வந்தவள் உள்ளே கிடக்கிறாள். அதனால் மாப்பிள்ளை இருமலை வைத்து எதையும் முடிவு பண்ண வேண்டாம், அவரை வேறு அறையில் படுக்கச் சொல், ஜன்னலைக் கொஞ்ச நேரமாவது திறந்து வை, நீ பால் கொடுக்கும்போது முகமூடி போட்டுக்கொள், பாலை மட்டும் நிறுத்தாதே.

நீ குட்டியோடு வருவதாக இருந்த இந்தச் சனிக்கிழமை விமானத்தை விட்டுவிடு. ஒரு வருஷமாக எப்போ வருவே எப்போ வருவே என்று உன் உயிரை வாங்கியவன் நான்தான், குட்டியை இன்னும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சனிக்கிழமை கடை இல்லை என்று சொல்லி வைத்தாயிற்று. ஆனாலும் வராதே. நம் வீட்டில் இப்போது சுவரைத் தவிர எல்லோரும் இருமுகிறார்கள். அத்தனை பேர் அடைந்து உட்கார்ந்து வருகிற விமானத்தில் அந்தப் பிஞ்சைத் தூக்கிக்கொண்டு இங்கே வரவே வேண்டாம். குளிர் போகட்டும்.

இவ்வளவு எழுதிவிட்டு நிறுத்தியிருந்தேன், இப்போது மணி ஐந்தரை, மீதியை எழுதுகிறேன். கதவு திறந்தது, வழக்கம்போல எழுந்து நின்றேன், மருமகள் வந்தாள். மூன்று நாளாக அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, உன் தம்பியைத்தான் பார்த்துப் பேசுவாள். முகத்தைப் பார்த்து எனக்கு எதுவும் புரியவில்லை. இருபது மில்லி வாயாலயே குடிச்சா மாமா என்றாள். எடை போடுகிற மிஷினைப் பிடித்துக்கொண்டேன். ஆக்ஸிஜனைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், இன்று ராத்திரி தாங்கினால் நாளை இன்னும் குறைப்பார்களாம். தாங்கினால் என்றுதான் சொல்கிறார்கள், அதனால் இதை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ள இன்னும் தைரியம் வரவில்லை. கையக் கழுவிட்டு வாங்க, கண்ணாடி வழியா பாக்கலாம் என்றாள். கண்ணாடி வழியாகப் பார்க்க எதற்குக் கை கழுவ வேண்டும் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. தொட்டியில் முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவினேன். பொத்தான் ஒரு நாப்கினோடு மட்டும் படுத்திருந்தாள், நெஞ்சு முழுக்கத் தெரிந்தது, இன்னும் லேசாகக் குழி விழுகிறது. நான் எண்ணினேன், ஐம்பத்தாறு. அவளும் பக்கத்தில் நின்று உதட்டுக்குள் எண்ணினாள், அவளுக்கும் ஐம்பத்தாறு. நீ சொன்னபோதே நான் கேட்டிருக்கணும்மா என்று இருக்கிற காற்றில் சொன்னேன். அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, படியேறி வரும்போது உங்களுக்கு மூச்சு வாங்குது, கீழ போய் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க என்றாள். நான் படியேறுவதைக்கூட அவள் கவனித்திருக்கிறாள். போய்க் காட்டினேன், நெஞ்சில் ஒன்றுமில்லை, ஓய்வெடுக்கச் சொன்னார்கள்.

வெயில் வந்தபின் நீ குட்டியோடு இங்கே வரும் நாளில் நான் வாசலில்தான் நிற்பேன். எனக்கு என்னைத் தெரியும், அன்றைக்கு இந்த வராந்தா மறந்துபோயிருக்கும். லேசாகத் தும்மிக்கொண்டே, குடு குடு என்று கையை நீட்டுவேன். கொடுக்காதே. முதலில் கையைக் கழுவச் சொல், இருமினால் தூரப் போகச் சொல். நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால் படுக்கட்டும் என்று விட்டுவிடு, ஒரு வேளை சாப்பிடாததால் உன் அப்பா செத்துவிட மாட்டான். உன் அம்மா எனக்காகப் பரிந்து பேசுவாள், அவளுக்கும் சேர்த்து மருமகள் சொல்லுவாள், நீ அவள் பக்கம் நில். அப்பா மனசு நோகும் என்று ஒரு நாளும் இறங்கிப் போகாதே கண்ணு, என் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டதால் வந்த வினையைத்தான் நான் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், மாப்பிள்ளை நன்றாக இருக்க வேண்டும், குட்டிக்கு நீண்ட ஆயுசு கிடைக்க வேண்டும், என் ஆயுசில் எடுத்துக் கொடுக்க முடியுமென்றால் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். உன் தம்பி மனைவிக்கு மறக்காமல் போன் பண்ணு. அதற்கு முன்னால், இதைப் படித்த கையோடு, குட்டியின் மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணி அந்த எண்ணை எனக்கு அனுப்பு. சுகமா என்றெல்லாம் கேட்க வேண்டாம், வேறு எதுவும் எழுத வேண்டாம், எண் மட்டும். உன் தம்பியின் போனைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா